இரண்டாங்கட்டுக்குப் போன பழைய ரவுட்டர்

காரைக்குடியில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சென்ற மாதம் ஃபைபர் இணைப்பு வந்தது. அதுவரை தொலைபேசியின் செப்புக் கம்பி வழியே இணையம் தந்த நிறுவனத்திடமிருந்து விலகிக்கொண்டோம். புதிய கருவியைப் பொருத்த வந்த இளைஞர் பழைய ரவுட்டரைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது இனிமே எதுக்கும் ஆகாது, பழைய சாமானுக்குப் போட்டுருங்க” என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. அந்த ரவுட்டரில் இணையம் நுழையும் வழி தொலைபேசிக் கம்பிக்காகச் செய்யப்பட்டது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை அது அறியாது. அந்த ஒளியை மின்குறிப்பாக மாற்றும் ஓஎன்டி என்ற பெட்டியைப் புதிய நிறுவனமே தன் கணக்கில் பதிந்து தருகிறது. ஆனால் பழைய ரவுட்டரில் உள்ள வைஃபையும், வீட்டுக்குள் கேபிள் செருகும் நான்கு லேன் போர்ட்டுகளும் எந்த நிறுவனத்தையும் சார்ந்தவை அல்ல. எங்களுடையது சொந்தக் காசில் வாங்கியது. வாடகைக்குத் தரப்பட்டதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடத்தான் வேண்டும்.

எங்கள் ஊர் வீடுகளின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு என் தேவை உடனே விளங்கும். இழை தெருப்பக்கத்திலிருந்து வருவதால் ஓஎன்டி முகப்பில் அமைந்தது. அதற்குப் பின் பட்டாலை என்ற கூடம், வளவு என்ற நடுமுற்றம், அதைச் சுற்றிய அறைகள், பிறகுதான் பின்பகுதியான இரண்டாங்கட்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கனத்த சுவர்கள் ஒவ்வொன்றும் அலையின் வலுவைக் குறைக்கின்றன. ஓஎன்டியே பரப்பும் வைஃபையில், 5 கிகாஹெர்ட்ஸ் அலை பட்டாலையைத் தாண்டவில்லை. சுவரை ஓரளவு நன்றாக ஊடுருவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையும் வளவோடு நின்றுவிட்டது. அப்பத்தா இருப்பது இரண்டாங்கட்டில். கோலாலம்பூரில் இருக்கும் கொள்ளுப்பேரனைத் திரையில் பார்ப்பதற்காக அவர் ஒவ்வொரு மாலையும் தடியை ஊன்றிக்கொண்டு, வாசற்படிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி முகப்புக்கு வந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ரிப்பீட்டர் வாங்கலாம் என்றார்கள். நலிந்த அலையை வாங்கி அதையே திரும்ப அனுப்பும் கருவியைவிட, கம்பி வழியே முழு வேகத்தையும் கொண்டுபோய் அங்கே பழைய ரவுட்டரைக் கொண்டு புதிதாக வைஃபை பரப்புவதே நல்லது என்பது என் முடிவு. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை ஓடலாம். எங்களுக்கு 40 மீட்டருக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. அந்த வெண்சாந்துப் பூச்சில் ஒரு துளை விழுந்தால் அதே வழவழப்போடு மூடித் தரும் கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். ஆகவே, தாழ்வாரத்தின் தேக்குச் சட்டங்களை ஒட்டி, நிலைக்கு மேலுள்ள கம்பியழி வழியே கேபிளை உள்ளே கொண்டுபோனேன்.

ரவுட்டரை மாற்றியமைத்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நான் தவறியது இங்கேதான். ரீசெட் துளையில் ஊசியை அழுத்திப் பழைய நிறுவனத்தின் அமைப்புகளை அழித்தேன். பிறகு அப்படியே கேபிளைச் செருகிவிட்டேன். கைப்பேசிகள் வைஃபையில் இணைந்தன, ஆனால் இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. ஓஎன்டி, பழைய ரவுட்டர் இரண்டு பெட்டிகளுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. இரண்டுமே டிஹெச்சிபி மூலம் கருவிகளுக்கு முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. பழைய ரவுட்டரிடம் முகவரி பெற்ற கைப்பேசி, வெளியே செல்லும் வழியையும் அதனிடமே கேட்டது. அதற்கோ வெளியே செல்ல வழியே இல்லை.

எனவே கேபிளைக் கழற்றிவிட்டு, பழைய ரவுட்டரை மடிக்கணினியோடு மட்டும் இணைத்தேன். முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். பிறகு அதன் முகவரியை, ஓஎன்டி கருவிகளுக்கு வழங்கும் முகவரி வரிசைக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, 192.168.1.2 ஆக்கி, அந்தப் புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து டிஹெச்சிபியை நிறுத்தினேன். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் முகப்பில் உள்ளவையே. இரண்டின் அலைகளும் மோதிக்கொள்ளாதபடி சேனல் எனும் அலைவரிசை மட்டும் அங்கே 1, இங்கே 11. அதன் பிறகு கேபிளை லேன் போர்ட்டில் செருகியதும் எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

பழைய கருவி என்பதால் பாதுகாப்பில் கவனம் வேண்டும். இதற்கு இனி மென்பொருள் புதுப்பிப்பு வராது. நேரடியாக இணையத்தை எதிர்கொள்ளாமல் ஓஎன்டிக்குப் பின்னால் நிற்பதால் ஆபத்து குறைகிறதே தவிர நீங்கிவிடவில்லை. கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்தி, வைஃபைக்கு டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்புப் பூட்டை வைத்திருக்கிறேன். அந்தப் பூட்டுகூட இல்லாத மிகப் பழைய ரவுட்டராக இருந்தால் பயன்படுத்தியிருக்க மாட்டேன். வேகத்தைப் பொறுத்தவரை, இதன் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 100 மெகாபிட்) மேல் தராது. காணொளி அழைப்புக்கு அதில் சிறு பங்கே போதும்.

முதல் நாள் மாலை அப்பத்தா வழக்கம்போலத் தடியை எடுத்தார். கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். “இங்கிட்டே தெரியுறானே” என்று சொல்லி, கட்டிலிலேயே உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

முன்னோர்களை வழிபடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்து கூடும்போது இந்தச் சிறிய பெட்டி எத்தனை கைப்பேசிகளைத் தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அதற்குள் மூன்றாங்கட்டு வரை இன்னொரு கேபிளை இழுத்துவிட எண்ணியிருக்கிறேன். ரவுட்டரில் இன்னும் மூன்று போர்ட்டுகள் காலியாக இருக்கின்றன.