கவுன்டரில் நிற்பதற்கு

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையை மூடியபின் முதலாளி கூப்பிட்டார். காதில் தோடும் கண்ணில் மையுமாக நான் வரத் தொடங்கியதிலிருந்தே அவருக்குள் ஏதோ உறுத்தல். "எனக்கு ஆட்சேபம் இல்லையப்பா. வருகிறவர்கள் சங்கடப்படுவார்கள்" என்றார். யாராவது புகார் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை, சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். பின்னறையில் லென்ஸ் வெட்டும் வேலைக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். மறுத்துவிட்டேன். முகம் பார்த்து பிரேம் எடுத்துக் கொடுப்பதுதான் எனக்குக் கைவந்த தொழில்.

மார்ச் 6, வியாழன்

பழைய வழக்குகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பயணிகளுக்குப் பெண்களின் உபசரிப்பே பிடிக்கும் என்று சொல்லி, பான் ஆம் விமான நிறுவனம் விமானத்தில் உபசரிக்கும் வேலைக்கு ஆண்களை எடுக்க மறுத்தது. வாடிக்கையாளரின் விருப்பம் பாகுபாட்டுக்கு நியாயம் ஆகாது என்று 1971இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் ஏமி ஸ்டீபன்ஸுக்கு என்ன நடந்தது? இறுதிச்சடங்கு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். இனிப் பெண்ணாக உடுத்தி வருவேன் என்று கடிதம் கொடுத்ததும், 2013இல் வேலை போயிற்று. துக்கத்தில் இருக்கும் குடும்பங்களின் மனம் சிதறும் என்பது நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று. 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவரோ மே மாதமே இறந்துவிட்டார். நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

முதலாளி பயந்தது இன்று நடந்தது. பெரியவர் ஒருவருக்குக் காதின் பின்புறம் கம்பி அழுத்திச் சிவந்திருந்தது. கம்பியின் நுனியைச் சூடாக்கி, சற்றே வளைத்து, மாட்டிப் பார்க்கக் குனிந்தேன். அவர் என் கண்களைப் பார்த்தார், பிறகு நகங்களை. முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "வேறு யாராவது பார்க்கட்டும்" என்றார். பக்கத்தில் இருந்த அக்காவிடம் பிரேமைக் கொடுத்துவிட்டு விலகினேன். வலித்தது. ஆனாலும் தன் முகத்தை யார் தொடலாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமை அவர் முகத்தோடு நிற்கிறது. நான் கவுன்டரில் நிற்கலாமா என்பதை அது தீர்மானிக்க முடியாது.

மார்ச் 15, சனி

முதலாளியிடம் இதையே சொன்னேன். நெருங்கிக் குனிகிற வேலை என்பதால் நகம் குட்டையாக இருக்க வேண்டும், முடியைக் கட்ட வேண்டும், வாசனைத் திரவியம் கூடாது: எல்லோருக்கும் இதுதான் விதி என்றால் முழுமனதோடு ஏற்கிறேன். மை கூடாது என்பது எனக்கு மட்டும் ஏன்? அக்காவும் தினமும் மை தீட்டித்தான் வருகிறார். முதலாளி வெகுநேரம் யோசித்தார். வியாபாரம் குறைந்தால் என்ன செய்வது என்றார். கடையை நம்பி இத்தனை பேர் இருக்கும்போது அது நியாயமான கவலைதான். யாராவது வேறு ஆள் கேட்டால் சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம், மாதக் கடைசியில் கணக்கைச் சேர்ந்தே பார்ப்போம் என்றேன். சரி என்றார். சட்டையில் குத்தும் அட்டையில் எந்தப் பெயரைப் போடுவது என்பது மட்டும் இழுபறியாக இருக்கிறது. திங்கட்கிழமை பேச வேண்டும்.