மலைவீட்டுக்கு ஒரு துப்பாக்கி, கையில் இருக்கிற காசுக்கு

முதல் துப்பாக்கி வாங்க நினைக்கிறவர் யாரைக் கேட்டாலும் ரிவால்வரில்தான் ஆரம்பிப்பார். என் மச்சினனும் அப்படித்தான். "சின்னதா, இடுப்புல சொருகுற மாதிரி ஒண்ணு பாருங்க மாமா" என்றான். இடுப்பில் சொருகிக்கொண்டு ஏலச்செடிக்குக் கவாத்து எடுக்கவா போகிறேன்?

எங்கள் ஏலத்தோட்டம் கேரளத்து இடுக்கியில், சாந்தன்பாறைக்கு மேலே. பறிப்புக் காலத்தில் உலர்ந்த ஏலக்காய் ஸ்டோரிலேயே மூட்டையாகக் கிடக்கும். அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. போடிக்கோ புற்றடிக்கோ ஏலம் விட அனுப்புகிறவரை அரைத்தூக்கம்தான். போன சீசனில் கீழ்த்தோட்டத்து ஸ்டோரின் பூட்டை உடைத்துக் காயை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம்தான் உரிமத்துக்கு மனுப் போட்டேன். இந்த மலையில் கள்ளத் துப்பாக்கி கிடைக்காத பொருள் இல்லை, மலிவும்கூட. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் உள்ளே. அது எனக்குக் கட்டுப்படியாகாது.

ரிவால்வர் கதைக்கு வருவோம். சாதாரண ஆளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பாயிண்ட் 32 போர் (போர் என்பது குழலின் உள்வாய் அளவு). கான்பூர் அரசு ஆலையில் செய்த 'நிர்பீக்' 2014இல் வந்தபோதே விலை 1.22 லட்சம். பெயருக்கு அது பெண்களுக்கான எடை குறைந்த ரிவால்வர். விலையில் எந்தக் குறைவும் இல்லை. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இன்னும் மோசம். 1980களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி நின்றுபோனதால், தாத்தா காலத்து வெப்லி என்ற சீமை ரிவால்வருக்கும் இன்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். விலையை விடுங்கள். குட்டைக் குழல் கைத்துப்பாக்கியில் பதற்றத்தோடு பத்தடி தூரத்தில் சரியாகச் சுட நிறையப் பழக வேண்டும். பழகத் தோட்டா வேண்டும். ஒரு வருடத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

சட்டமும் ஒருவிதத்தில் நம்மை நீளக் குழல் பக்கம்தான் தள்ளுகிறது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், பாதுகாப்புக்காக இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உட்புறம் வழவழப்பான துப்பாக்கி கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாத பட்சத்தில் உரிமம் தர வேண்டும் என்றே இருக்கிறது. ரிவால்வர் கேட்டால் "உனக்கு எதற்கு?" என்ற கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே பன்னிரண்டு போர் நீளக் குழல் துப்பாக்கி.

பைனாவு கலெக்டர் அலுவலகப் படியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மனு, போலீஸ் அறிக்கை, உடல்நல மனநலச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, எங்கே எப்படிப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. பொறுமைதான் முக்கால்வாசி வேலை. பயிற்சியைச் சடங்காக நினைக்காதீர்கள். காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் யார் கையிலும் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது, சுடும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஏறுவது அங்கேதான்.

சரி, ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா? புதிது வாங்கக் காசு இல்லை என்றால் பழைய இரட்டைக்குழலைத்தான் நான் சொல்வேன். ஒற்றைக்குழல் இன்னும் மலிவு. ஆனால் ஒன்று சுட்டதும், இருட்டில் நடுங்கும் கையால் மறு தோட்டா போட வேண்டும். பம்ப் ஆக்‌ஷன் (முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது) பார்க்க ஜோர், விலையும் அப்படியே. பராமரிப்பு ஒழுங்காக இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழலில் சிக்க அதிகம் ஒன்றும் இல்லை. மடக்கினால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். வீட்டில் வைக்கிற துப்பாக்கிக்கு இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடம் ஒன்று இருந்தது. தனியாரிடமிருந்து நேரடியாக வாங்கினால், விற்பவர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த அவகாசத்தில், விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனேன். அவர் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன்.

முதலில் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடிய நிலையில் காதருகே வைத்து லேசாக ஆட்டினார். சத்தம் வந்தால் கீல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் குழலின் பின்வாய்க்கும் அது வந்து பொருந்தும் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். குழலைத் தனியாகக் கழற்றி, கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினார். வெண்கல மணி போல நின்று ஒலித்தது. மொத்தென்று கேட்டிருந்தால் இரண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. உள்ளே பார்க்கும்போது துருக்குழியைவிட வளையம் மாதிரி நிழல் விழுகிறதா என்பதைத்தான் அதிக நேரம் பார்த்தார். எப்போதோ அடைப்போடு சுட்டுக் குழல் வீங்கிய இடம் அப்படித்தான் தெரியுமாம்.

கடைசியாகத் தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய சீமைத் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர். இன்று கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70. வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் 70 தோட்டா 65 அறைக்குள் சுகமாக உட்கார்ந்துவிடும். ஆனால் 70 என்பது, சுட்டுத் தோட்டாவின் வாய் விரிந்த பிறகான நீளம். விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் எகிறும். குழலின் மேல் சுழல் சுழலாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். சுவரில் மாட்டலாம், இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது. நான் வாங்கியதில் 70 என்று முத்திரை இருந்தது. ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போன் விலைக்கு முடிந்தது. மிச்சக் காசில் இரும்புப் பெட்டியும், ஸ்டோர் முற்றத்துக்கு ஆள் நடமாட்டம் பார்த்து எரிகிற விளக்கும் வாங்கினேன். உண்மையில் இதுவரை வேலை செய்திருப்பது அந்த விளக்குதான்.

தோட்டா விஷயத்தில் எல்லோரும் எல்.ஜி. என்பார்கள், பெரிய குண்டுகள் உள்ள தோட்டா அது. எங்கள் ஸ்டோர் பலகைச் சுவர், அதற்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கும் லயம். எல்.ஜி. குண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். சிறிய ரவையுள்ள 4ஆம் நம்பர் போதும் என்று முடிவு செய்தேன். சிறிய ரவையும் பலகைக்கு அந்தப் பக்கம் போகும் என்பதால், லயத்தைப் பார்த்துச் சுடுவதே கிடையாது. ரவை வலைபோல் விரிந்து எல்லாவற்றையும் அடித்துவிடும் என்பதும் சும்மா. பதினைந்தடி தூரத்தில் உள்ளங்கை அளவைத் தாண்டி அதிகம் விரியாது. குறி பார்த்தே ஆக வேண்டும்.

எப்போது சுடலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம். அதில் 34 முதல் 44 வரை தற்காப்புப் பிரிவுகள். கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்துப் புகுவது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் உண்டாக்கும் திருட்டு என்று, சொத்தைக் காக்க எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் போகக்கூடிய சிலவற்றை 41ஆம் பிரிவு சொல்கிறது. அதிலும் தேவைக்கு மேல் ஒரு படி போகக் கூடாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் குற்றவாளி நான்தான். காட்டுப்பன்றிக்கும் இதே கதை. பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவும், பட்டியலில் உள்ள சுடுநர் என்ற அங்கீகாரமும் இல்லாமல் தோட்டத்தில் பன்றியைச் சுட்டால் வனத்துறை வரும். யானைக்கு முன்னால் பன்னிரண்டு போரை நீட்டுகிறவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டாள், அதுதான் சரியான கேள்வி. "நீங்க போடிக்குப் போற ராத்திரி அது யாருக்கு?" யாருக்கும் இல்லை. உரிமம் என் பெயரில். அவள் எடுத்தால் அவளுக்கும் தனி உரிமம் வேண்டும். நான் ஊரில் இல்லாதபோது பெட்டிச் சாவி என்னோடு வரும். அவளுக்கு உள்தாழ்ப்பாளும், கீழ்த்தோட்டக்காரர் நம்பரும், இரண்டு நாய்களும். தேர்தல் அறிவித்தால் எனக்கும் அதே கதிதான், துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள்.

போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டவும் முடியாது. என் உரிமத்தில் கேரளா மட்டும்தான். தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோக அந்த மாநிலமும் உரிமத்தில் ஏற வேண்டும், அதற்குத் தனி மனு. மச்சினன் இருப்பது போடியில், அவன் மனு தேனி கலெக்டருக்கு. பாரத்தில் ரிவால்வர் என்று எழுதி வைத்திருந்தான். அடித்துவிட்டு வேறு பாரம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.