கும்பகோணத்தில் உயிலுக்கு ஒரு வக்கீலைத் தேடியபோது

2022 ஜனவரியில், இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த பத்தாம் நாள், அவராகவே உயில் பேச்சை எடுத்தார். அப்போது அவருக்கு வயது 78. கும்பகோணத்தில் குடியிருக்கும் வீடு, 1994இல் வேலையில் இருந்தபோது மயிலாப்பூரில் வாங்கிய ஒரு ஃபிளாட், வங்கியில் சில வைப்புத்தொகைகள், இவையே அவருடைய சொத்து. வாரிசுகள் என்று பார்த்தால் அம்மா, சென்னையில் அந்த ஃபிளாட்டிலேயே வசிக்கும் அண்ணன், திருச்சியில் இருக்கும் நான். எளிய குடும்பம், எளிய கணக்கு, ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். நான்கு மாதங்கள் ஆயின.

முதல் சிரமம், யாரிடம் போவது என்பதே. உயிலுக்கும் வாரிசுரிமைக்கும் மட்டும் என்று பலகை வைத்த வக்கீல் எங்கள் ஊரில் கிடையாது. சிவில் வழக்கு நடத்துபவர்களே இதையும் பார்க்கிறார்கள். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிப்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பதால், இணையத்தில் தேடிக் கிடைத்த பெயர்களை எந்த அளவுக்கு நம்புவது என்றும் புரியவில்லை. ஆகவே எல்லோரும் செய்வதைப்போல நானும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஒரு பத்திர எழுத்தரிடம் போனேன். "உயில்தானே அம்மா, அரை மணி நேரத்தில் அடித்துவிடலாம்" என்றார். கணினியில் ஏற்கெனவே இருந்த ஒரு வாசகத்தைத் திறந்து, பெயர்களையும் எல்லைகளையும் மட்டும் கேட்டார். அதில் எல்லாச் சொத்தும் 'என் சுயார்ஜித சொத்து' என்று அச்சாகி வந்தது. கும்பகோணம் வீடு அப்பா சம்பாதித்தது அல்ல. 1968இல் தாத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் நடந்த பாகப்பிரிவினையில் வந்தது. அதைச் சொன்னதும் அவர், "அதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்றார். அந்தப் பதிலே என்னை அங்கிருந்து எழுப்பியது.

இரண்டாமவர் உறவினர் ஒருவர் பரிந்துரைத்த வக்கீல், ஊரில் பெரிய பெயர். அவர் உயிலே வேண்டாம் என்றார். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதினால் முத்திரைத்தீர்வை அப்போது அதிகபட்சம் 25,000 ரூபாய்தான், பையன் பெயருக்கு இப்போதே எழுதிவிட்டால் பிற்பாடு கோர்ட்டு அலைச்சல் இல்லை என்பது அவருடைய வாதம். முழுக்கத் தவறான யோசனை என்று சொல்லமாட்டேன், பலருக்கு அது பொருந்தக்கூடும். ஆனால் உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவருடையதே, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டில் எழுதிக் கொடுத்த அன்றே உரிமை கைமாறிவிடும், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. பராமரிக்கத் தவறினால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி உண்டு என்றாலும், அந்த நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் வாதாட வேண்டியிருக்கும். இவை எதையும் அவர் சொல்லவில்லை. நான் பின்னால் தெரிந்துகொண்டவை. அவரிடம் எனக்கு உறுத்தியது வேறு. முக்கால் மணி நேரமும் அண்ணனைப் பார்த்தே பேசினார். சொத்துக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வக்கீலை ஒரு வங்கிக் கிளையின் வழியே கண்டடைந்தோம். வீட்டுக்கடன் கொடுக்கும் முன் மூலப்பத்திரம் தொடங்கி வில்லங்கம் வரை படித்து உரிமையைப் பற்றிக் கருத்து எழுதித் தருவதற்கென்று வங்கிகள் வக்கீல்களை வைத்திருக்கின்றன. அவர்களுக்குப் பத்திரம் படிப்பதே அன்றாட வேலை. அப்பாவின் வைப்புத்தொகை இருந்த கிளையின் மேலாளரிடம் கேட்டபோது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக சிவில் பக்கம் இருக்கும் ஒரு பெண் வக்கீலின் பெயரைச் சொன்னார். யாருக்கேனும் யோசனை சொல்வதானால் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.

அவர் முதல் சந்திப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை. வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, ஃபிளாட்டின் கிரயப் பத்திரம், வங்கி ரசீதுகள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். கட்டணம் 12,000 ரூபாய், பதிவு நாளன்று உடன் வருவதும் அதில் அடக்கம் என்று கேட்காமலே தெளிவாகச் சொன்னார். பிறகு அண்ணனையும் என்னையும் அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசினார். அம்மாவுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். ஐம்பத்திரண்டு வருடத்தில் தனக்குத் தெரியாமல் என்ன பேச்சு என்று தாழ்வாரத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் வக்கீல் சொன்னவற்றில் பாதி நாங்கள் எதிர்பாராதது. கும்பகோணம் வீடு பாகத்தில் வந்த பூர்வீகச் சொத்து என்பதால் அதில் அண்ணனுக்கும் எனக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும், மகள் பிறந்ததாலேயே பங்குதாரர் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அதை உறுதிசெய்கின்றன. ஆகவே அப்பா தம் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். அந்தப் பங்கில் அம்மாவுக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை, அதற்குப் பின் எங்கள் இருவருக்கும் சமமாக என்று எழுதினார். அம்மா இருக்கும்வரை எங்கள் பங்கைப் பிரித்துக் கேட்பதில்லை என்று அண்ணனும் நானும் ஒப்புக்கொண்டது வாய்மொழியோடு நின்றது. அதை அப்பாவின் உயிலில் சேர்த்துப் பயனில்லை என்று அவர் மறுத்துவிட்டார். வைப்புத்தொகைக்கு அண்ணன் நாமினியாக இருந்ததால் பணம் முழுவதும் அவனுக்கே என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். நாமினி என்பவர் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே என்று தெரிந்ததும் அண்ணனே சிரித்துவிட்டான்.

ஃபிளாட் மயிலாப்பூரில் இருக்கிறது என்றதும் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் எல்லைக்குள், அதாவது அது வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் பகுதிக்குள், இருக்கும் அசையாச் சொத்தை இந்து ஒருவர் உயிலில் எழுதினால், அன்றைய சட்டப்படி, அவர் காலத்துக்குப் பின் புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியே ஆகவேண்டும். அது தம் ஊர் வேலை அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லி, சென்னையில் தம்முடன் படித்த ஒருவரிடம் வரைவைக் காட்டிவிட்டே இறுதி செய்தார். (புரொபேட்டைக் கட்டாயமாக்கிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு 2025இல் நீக்கப்பட்டுவிட்டது. எங்களுக்கு அந்தச் சலுகை அன்று இல்லை.) தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த இடத்தில்தான் அப்பாவுக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது.

சாட்சிகள் விஷயத்தில் அப்பாவும் அவரும் சற்றே மோதிக்கொண்டார்கள். தினமும் நடைக்கு உடன் வரும் இரண்டு நண்பர்களை அழைத்து வருவதாக அப்பா சொன்னார். இருவருக்கும் எழுபத்தைந்துக்கு மேல். "சார், நாளைக்கு யாராவது மறுத்தால், பதிவான உயிலாக இருந்தாலும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அவர்கள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும்" என்றார். உயிலில் எதுவும் பெறாதவராகவும் இருக்க வேண்டும் என்றார். கடைசியில் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும் நாற்பது வயது மருத்துவரும், எதிர்வீட்டுப் பள்ளி ஆசிரியரும் சாட்சிகளானார்கள். அப்பா தெளிந்த நினைவோடு இருக்கிறார் என்று மருத்துவர் தனியே ஒரு சான்றும் கொடுத்தார். ஸ்டென்ட் வைத்த சில மாதங்களிலேயே எழுதிய உயில் என்று பிற்பாடு ஒருவர் பேச இடம் வைக்கக் கூடாது என்பதற்காக அது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆயினும் பதிவுசெய்துவிடுவதே நல்லது என்றார், செய்தோம். ஏப்ரல் மாத வெயிலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். புகைப்படமும் கைரேகையும் எடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அப்பா நிதானமாகக் கையெழுத்திட்டார்.

2024இல் ஒருநாள் நான் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா ஆட்டோவில் தனியாக எங்கோ போய்விட்டு வந்தார். வக்கீலைப் பார்த்து உயிலில் சிறு திருத்தம் எழுதிப் பதிவுசெய்ததாகச் சொன்னார். என்ன திருத்தம் என்று அம்மா கேட்டார். அப்பா உயிரோடு இருக்கும்வரை அவரையும் அவர் அதிகாரம் கொடுத்தவரையும் தவிர வேறு யாருக்கும் பதிவு அலுவலகத்தில் அதன் நகல் கிடைக்காது என்பதை வக்கீல் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, காபி கேட்டார்.