இருக்கைக்கு அடியில் வந்த சத்தம்

போடிநாயக்கனூரில் ஜீப்பைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதரைக் காண்பது அரிது. போடி, தேவாரம், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருவன் பழைய ஜீப்பைச் சீரமைக்கத் தொடங்கிவிட்டான் என்று தெரிந்தால், ஊரில் பாதிப்பேர் ஆலோசனையுடனும் மீதிப்பேர் ஆளுக்கொரு உதிரிபாகத்துடனும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். என் தாய்மாமாவின் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகளுக்கு அடைகாக்கும் இடமாக இருந்த சி.ஜே. 3பி ஜீப்பை நான் வீட்டுக்கு இழுத்துவந்த அன்றே இது தொடங்கிவிட்டது.

முதலில் வந்தவர் மாமாவேதான். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1953இல் வெளியிட்டு, பின்னர் மகிந்திரா உரிமம் பெற்று நம் நாட்டில் பல்லாண்டு தயாரித்த இந்த ஜீப்பின் தனி அடையாளம் அதன் உயர்ந்த பானட். உலகப்போர்க் கால ஜீப்பின் எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே அடங்கியிருந்தன. பிறகு இந்த ஜீப்புக்கு வந்த ஹரிக்கேன் எஞ்சினில் இன்டேக் வால்வுகள் பிளாக்குக்கு மேலே அமரும் ஹெட்டுக்கு ஏறிவிட்டதால் எஞ்சின் உயரமாகி, அதை மூடும் பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள், மதுரையில் மலிவாகக் கிடைத்தது என்று மாமா ஒரு ‘லோ பானட்’டைத் தூக்கிவந்து பொருத்திப் பார்த்துவிட்டார். பொங்கும் பானையின் மேல் வைத்த தட்டைப் போல அது ஏர் கிளீனரின் மேல் அமர்ந்து ஆடியது. மாமா பானட்டை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. எஞ்சின்தான் தேவைக்கு மேல் உயரமாக இருக்கிறது, அதைச் சற்றுக் கீழே இறக்கிவிடலாம் மாப்பிள்ளை என்றார்.

பதிவுப் புத்தகத்தின்படி ஒரு வண்டியின் அடையாளம் அதன் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும்தான். அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காமல், மற்றவற்றையெல்லாம் காயலான் கடைகளிலிருந்து சேர்ப்பது என்று மெக்கானிக் அண்ணனும் நானும் முடிவு செய்தோம். எங்கள் ஜீப்பின் தரைத்தகடு துருப்பிடித்து, உள்ளே அமர்ந்தபடியே கால் நடையாகவும் செல்லலாம் என்ற நிலையில் இருந்ததால், கம்பத்தில் உடைப்புக்கு வந்த ஒரு தோட்டத்து ஜீப்பின் பாடியை எடைக்கு வாங்கினோம். இவ்வகை ஜீப்பில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் டேங்கும், பக்கத்து இருக்கைக்கு அடியில் கருவிப் பெட்டியும் இருக்கும். ஒருவர் பெட்ரோலின் மேலும் மற்றவர் ஸ்பேனரின் மேலும் அமர்ந்து பயணம் செய்வதற்கான ஏற்பாடு இது. வாங்கிவந்த பாடியில் அந்தக் கருவிப் பெட்டிக்கு யாரோ கொண்டியைப் பற்றவைத்துப் பெரிய பூட்டாகப் போட்டிருந்தார்கள். சாவியைக் கேட்டபோது, எடை போட்டதில் பூட்டும் சேர்ந்துதான் வந்தது, சாவி சேரவில்லை என்று கடைக்காரர் நியாயமாகவே பதில் சொன்னார். பூட்டைப் பிறகு அறுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் அதன்மேல் இருக்கையைப் பொருத்திவிட்டார்.

சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில்களின் கதைதான் பெரியது. பின் ஆக்சில் எங்களுடையதே. முன் ஆக்சிலை, ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு போர்க்கால ஜீப்பிலிருந்து கழற்றியது என்று சொல்லி ஒரு பெரியவர் கொடுத்தார். பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலவே இருந்தன. எல்லாம் பொருத்தி, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுத் தார்ச்சாலையில் நகர்த்தியதும் வண்டி முனகியது, விம்மியது, பிறகு நகர மறுத்தது. அண்ணன் ஆக்சில்களில் இருக்கும் டிஃபரன்ஷியல் எனும் கியர் தொகுதிகள் இரண்டையும் திறந்து, பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலின் பற்களைச் சாக்பீஸால் குறியிட்டு எண்ணத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு எண்ணைச் சத்தமாகச் சொல்லியதால் அவர் பலமுறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கடைசியில், கிரௌனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் இரண்டுக்கும் 8 பற்கள் என்றும், கிரௌனில் முன்னே 39, பின்னே 43 என்றும் தெளிவானது. அதாவது சக்கரம் ஒருமுறை சுழல, பினியன் முன்புறம் 4.88 முறையும் பின்புறம் 5.38 முறையும் சுழல வேண்டும். ராணுவத்தில் பழகிய முன் சக்கரங்கள், தோட்டத்தில் பழகிய பின் சக்கரங்களைவிட ஏறக்குறையப் பத்து சதவீதம் வேகமாகச் சுழல முயன்றிருக்கின்றன. சேற்றிலோ மணலிலோ இந்தச் சண்டை சற்றுச் சறுக்கித் தீர்ந்துவிடும். தார்ச்சாலையில் சறுக்க இடமில்லாததால் சண்டை முழுவதும் கியர்களின் தலையில் விடிந்தது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, ராணுவ வண்டி முன்னால் போகத்தானே பார்க்கும் என்றார். இந்த விளக்கத்துக்கு எதிர்வாதம் எதுவும் தோன்றாததால், 43 பல் உள்ள கிரௌன் பினியன் ஒன்றைத் தேனியில் தேடிப் பிடித்து முன்னாலும் மாற்றினோம்.

அடுத்து இடப்பக்கச் சக்கரங்கள். வண்டி ஓடும்போது நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று, இந்த ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு, நட்டு ஏறும் போல்ட்டுகளான ஸ்டட்டுகளை ரிவர்ஸ் மரையுடன், அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால் இறுகும்படி, போட்டிருந்தார்கள். ஸ்டட்டின் முனையில் ‘எல்’ என்ற எழுத்தும் பொறித்திருக்கும். துருவைச் சுரண்டினால் தெரியும். பட்டறைப் பையன் துருவைச் சுரண்டவில்லை. வழக்கமான திசையில் ஸ்பேனரைப் போட்டு, அதற்கு நீளமான குழாயைச் செருகி, குழாயின் மேல் ஏறி நின்றும் குதித்தான். நட்டு ஒவ்வொரு குதிப்புக்கும் இன்னும் இறுகி, ஸ்டட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்து, பக்கத்துத் தேநீர்க்கடை வரை பறந்தன. தன் பலத்தைப் பற்றி அவனுக்கு அன்றைக்கு ஏற்பட்ட மதிப்பு இன்னும் குறையவில்லை.

ரிவர்ஸ் மரை நட்டுகளைத் தேடிச் சென்னை புதுப்பேட்டை வரை சென்றோம். எந்த வண்டியின் எந்த உறுப்பைக் கேட்டாலும் மூன்று கடை தள்ளியாவது எடுத்துத் தரும் அந்தத் தெருக்களில், ஒரு கடைக்காரர் சாதாரண நட்டை என் கையில் வைத்து, இதைத் திருப்பிப் போட்டால் ரிவர்ஸ் மரை ஆகிவிடும் என்று மிகுந்த தன்னம்பிக்கையுடன் சொன்னார். எத்தனை முறை திருப்பினாலும் மரையின் சுழற்சி மாறாது என்பது வடிவியல். ஆனாலும் அண்ணன் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு ஊர் திரும்பி, லேத் பட்டறையில் சொல்லி இடப்பக்க ஸ்டட்டுகள் அனைத்தையும் நேர் மரைக்கே மாற்றிவிட்டோம். தகுதிச் சான்றுக்குச் சென்றபோது சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்த அலுவலர், வேறு எதையும் தேய்த்துப் பார்க்காமல் விட்டது எங்கள் நல்லூழ்.

முதல் பயணம், பதினேழு கொண்டையூசி வளைவுகள் உள்ள போடிமெட்டுச் சாலையில். எஞ்சின் சளைக்கவில்லை, பிரேக் கேட்ட இடத்தில் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் இரும்பு உருள்வது போன்ற சத்தம் ஒன்று வந்தது. கீழ் வளைவுகளில் அதை யுனிவர்சல் ஜாயின்ட் என்றார் அண்ணன். நடுவழியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று திருத்திக்கொண்டார். மேலே சென்று சேர்ந்தபோது மொத்த கியர் பாக்ஸையும் இறக்கியாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, அதற்கான செலவையும் வாய்விட்டுக் கூட்டத் தொடங்கியிருந்தார்.

மெட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஜீப் ஓட்டுநர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் விண்ட்ஷீல்டு சட்டத்தைத் தடவிப் பார்த்து, இது தன் முதலாளியின் வண்டியில் இருந்தது என்றார். முதியவர் ஒருவர் பின்கதவின் பற்றவைப்பைக் கண்டதும், இந்தக் கோணலான வெல்டிங் தான் சொல்லிப் போட்டது என்று உரிமையோடு உரைத்து, மடியிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று மறந்துவிட்டதால் எதையுமே எறியாமல் வைத்திருப்பவர் போலிருக்கிறது. இருக்கையைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்து, கருவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய டப்பா சாய்ந்து கிடக்க, அதிலிருந்து சிந்திய ரிவர்ஸ் மரை நட்டுகள் பெட்டியெங்கும் உருண்டுகொண்டிருந்தன. இப்போது எங்கும் கிடைக்காத சாமான், வண்டியை விற்ற முதலாளிக்குக்கூடத் தெரியாமல் சேர்த்து வைத்தேன் என்று பெருமைப்பட்ட முதியவர், பாடியைத்தான் நீங்கள் வாங்கினீர்கள், நட்டு என்னுடையது என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார்.

அண்ணன் ஒரு நட்டைக் கையில் எடுத்து, இடப்பக்கச் சக்கரத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஸ்டட்டைப் பழையபடி ரிவர்ஸ் மரைக்கே மாற்றிவிடலாமா?”