காகிதப் பட்டைகளை வைத்து அயனிச் சேர்மங்களுக்கு வாய்ப்பாடு எழுதிப் பார்த்தது

பள்ளியோடு விட்டுப்போன வேதியியலை மறுபடி எடுத்துப் படிக்கலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன். தேர்வு எதுவும் கிடையாது, பொழுதுபோக்குதான். அயனிச் சேர்மங்களின் (மின்சுமை உள்ள அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள், அதாவது அயனிகள், சேர்ந்த பொருள்களின்) வாய்ப்பாட்டிலிருந்து, அதாவது எந்த அணு எத்தனை என்று காட்டும் குறியீட்டிலிருந்து, ஆரம்பித்ததற்குக் காரணம், அந்தக் காலத்தில் அது எனக்கு நன்றாக வரும் என்று ஒரு நினைப்பு. 40 பெயர்களைத் தாளில் எழுதி வாய்ப்பாடு போட்டேன். 13 தப்பு.

எனக்குத் தெரிந்திருந்த வழி குறுக்கே மாற்றி எழுதுவது. அலுமினியத்தின் தலையில் மின்சுமை 3, ஆக்சிஜனின் தலையில் 2. பெருக்கல் குறி போடுகிற மாதிரி இரண்டையும் இடம் மாற்றிக் கீழே இறக்கினால் அலுமினியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. விடை சரி. ஏன் சரி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது, கேட்காமல் விட்டது எங்கே இடித்தது என்று தெரிந்தது: 6 அடைப்புக்குறியில், 4 சுருக்குவதில், மீதி 3 இரும்பிலும் செம்பிலும்.

அப்புறம்தான் காகிதப் பட்டை யோசனை வந்தது. ஒரு அலகு மின்சுமைக்கு 2 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டேன். சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது, அதனால் 2 செ.மீ. மெக்னீசியம் 4, அலுமினியம் 6. எதிர்ப்பக்கத்தில் குளோரைடு 2, ஆக்சைடு 4, நைட்ரைடு 6. நேர்மின் அயனிகள் மஞ்சள் தாளில், எதிர்மின் அயனிகள் நீலத் தாளில். மஞ்சளை ஒரு வரிசையாகவும் நீலத்தை அதற்குக் கீழே ஒரு வரிசையாகவும் அடுக்க வேண்டும். இரண்டும் முதல்முறை சம நீளத்துக்கு வரும்போது நிறுத்திவிட்டு எண்ணினால் அதுதான் வாய்ப்பாடு.

அலுமினியம் 6, 12. ஆக்சைடு 4, 8, 12. நின்றது. இரண்டு மஞ்சள், மூன்று நீலம். குறுக்கே மாற்றுவது என்பது மீச்சிறு பொது மடங்கு தேடுவதன் குறுக்குவழி என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அது எப்போதும் மீச்சிறு மடங்கைத் தருவதும் இல்லை, அதனால்தான் அங்கே 4 தப்பு. மெக்னீசியம் ஆக்சைடுக்கு இரண்டையும் மாற்றி எழுதி, சுருக்க மறந்து, இரண்டு மெக்னீசியமும் இரண்டு ஆக்சிஜனும் என்று விட்டிருந்தேன். பட்டையில் அந்தத் தப்பைச் செய்யவே முடியாது. 4-க்கு 4, முதல் அடியிலேயே சமம். நான்கு மின்சுமை கொண்ட வெள்ளீயமும் அப்படித்தான்: 8 செ.மீ. பட்டை ஒன்றுக்கு ஆக்சைடு இரண்டு, முடிந்தது.

இந்தச் சந்தோஷத்தில் எதைப் பார்த்தாலும் சுருக்க ஆரம்பித்து, இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒன்று சோடியம் பெராக்சைடு. இரண்டு சோடியம், இரண்டு ஆக்சிஜன். ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கினேன். தப்பு. பெராக்சைடில் இரண்டு ஆக்சிஜன்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே அயனியாக இருக்கின்றன, இரண்டுக்கும் சேர்த்துத்தான் மின்சுமை 2. மற்றொன்று பாதரசத்தின் பழைய குளோரைடான கலோமல். அதிலும் பாதரசம் ஜோடியாகவே ஓர் அயனி, ஜோடிக்கு மின்சுமை 2, கூட இரண்டு குளோரைடு. எண்களை மட்டும் பார்த்தால் சுருக்கத் தோன்றும். பட்டை செய்தால் 4 செ.மீ. துண்டு ஒன்றின் மேல் இரண்டு பாதரசம் எழுதியிருக்கும், அதை நடுவில் வெட்ட முடியாது. எங்கே கத்தரிக்கோல் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடைப்புக்குறித் தப்புகளைக் கண்டுபிடித்தது நானில்லை. பத்தாம் வகுப்பு படிக்கிற அக்கா மகள் என் தாளை எட்டிப் பார்த்து, “மாமா, கால்சியம் ஹைட்ராக்சைடுல ஒரு ஆக்சிஜனை எங்க போட்டீங்க?” என்றாள். நான் எழுதியிருந்தது சிஏஓஎச்2. (குறியீடுகளைச் சொல்லுகிறபடியே எழுதுகிறேன்.) அந்த 2, எச்-க்கு மட்டும்தான் போகும், ஆக்சிஜன் ஒன்றோடு நின்றுவிடும். சிஏ(ஓஎச்)2 என்று எழுதினால்தான் ஹைட்ராக்சைடு முழுதாக இரண்டு முறை வரும். மெக்னீசியம் நைட்ரேட்டில் இன்னும் மோசம். அடைப்பு இல்லாமல் எழுதியதில் 3-க்குப் பக்கத்தில் 2 வந்து உட்கார்ந்து, 32 ஆக்சிஜன் என்று படிக்கிற மாதிரி ஆகிவிட்டது. அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பட்டையில் பார்த்தால் அடைப்புக்குறி என்பது காகிதத்தின் ஓரம். சல்பேட் என்று ஒரு 4 செ.மீ. துண்டு, அதன்மேல் ஒரு கந்தகம், நான்கு ஆக்சிஜன். அலுமினியம் சல்பேட்டுக்கு அந்தத் துண்டு மூன்று வேண்டும். கந்தகம் 3, ஆக்சிஜன் 12, அலுமினியம் 2, மொத்தம் 17 அணுக்கள். இதே பழக்கத்தில் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு வந்தபோது கை தானாக இரண்டு நைட்ரஜனையும் சேர்த்து என்2 என்று எழுதப் போனது. இங்கே இரண்டும் தனித்தனித் துண்டில் இருக்கின்றன. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். எண்ணிக்கையில் ஒன்றும் குறையாது, ஆனால் எது எந்த அயனியில் இருக்கிறது என்ற செய்தி அழிந்துபோகும். அதனால் என்எச்4என்ஓ3 என்றே விட வேண்டும், அடைப்புக்குறியும் தேவையில்லை.

பெயர்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை. சல்பைடு, சல்பைட், சல்பேட் மூன்றுக்கும் மின்சுமை 2 என்று பார்த்ததும், நைட்ரஜன் குடும்பமும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். நைட்ரைட், நைட்ரேட் இரண்டுக்கும் 1, நைட்ரைடு மட்டும் 3. இதற்காக மட்டும் ஒரு வாரம் போனது.

இரும்பில் நான் செய்த தப்பு சொல்லவே வெட்கம். அயர்ன் என்று எழுதி அடைப்புக்குள் ரோமன் எண்ணில் மூன்று, பிறகு ஆக்சைடு. அந்த மூன்றை இரும்பு அணுக்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டேன்! அது ஓர் இரும்பு அயனியின் மின்சுமையைச் சொல்கிறது. வாய்ப்பாட்டில் இரும்பு இரண்டுதான். இந்த ரோமன் எண் முறையை 1919-ல் முன்வைத்தவர் ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர். அதற்கு முந்தைய ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் பெயர்களும் எனக்குத் தகராறுதான். ஃபெர்ரிக் (இரும்பு) என்றால் 3, குப்ரிக் (செம்பு) என்றால் 2. “இக்” என்ற விகுதி இருப்பதில் பெரியதைச் சொல்கிறதே தவிர எண்ணைச் சொல்வதில்லை. ஸ்டாக்கின் வழியே மேல்.

நடுவில் ஒரு நாள் பட்டைகளையே சந்தேகப்பட்டேன். சோடியம் குளோரைடுக்கு ஒரு மஞ்சளும் ஒரு நீலமும் ஒட்டி வைத்தால் அது ஜோடி மாதிரி தெரிகிறது. உப்புப் படிகத்துக்குள் ஜோடி கிடையாது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். எக்ஸ் கதிர்களை வைத்து இயற்பியலாளர் பிராக் 1913-ல் காட்டிய அமைப்பு இது. 1927-லும்கூட ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வேதியியலாளர் இதை ஏற்காமல் எதிர்த்து எழுதியிருக்கிறார். நான் குழம்பியதில் தப்பில்லை. வாய்ப்பாடு சொல்வது விகிதத்தை மட்டும் என்று பட்டைகள் வைத்த பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டுத் தொடர்ந்தேன்.

மூன்றாவது வாரம் வேறு 40 பெயர்கள். 3 தப்பு. அதில் ஒன்றை நான் தப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை: காந்தக் கல்லான மேக்னடைட். இரும்பு மூன்று, ஆக்சிஜன் நான்கு. ஆக்சைடு நான்கு துண்டு, 16 செ.மீ. மூன்று இரும்புக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 5.33 செ.மீ. அப்படியே மூன்று துண்டு வெட்டியும் விட்டேன். விடையைப் பார்த்தால், இரும்பு அங்கே ஒரே மாதிரி இல்லை, 4 செ.மீ. துண்டு ஒன்று, 6 செ.மீ. துண்டு இரண்டு. நான்கும் பன்னிரண்டும் பதினாறு. வெட்டின மூன்றும் குப்பைக்குப் போயின.

இப்போது மயில்துத்தத்தில் நிற்கிறேன். செம்பு 4, சல்பேட் 4, அது சுலபம். கூடவே ஐந்து நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. நீருக்கு மின்சுமை பூஜ்யம், என் கணக்குப்படி பட்டையின் நீளமும் பூஜ்யம். வெட்டவே முடியாத ஐந்து துண்டுகளை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல், இப்போதைக்கு வரிசைக்கு வெளியே ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ஐந்து வெள்ளை வட்டங்களை வெட்டி வைத்திருக்கிறேன்.