30 விநாடிகள் மட்டும் ஓடிய போர்டு

பவர் மேனேஜ்மென்ட் சிப் ஒன்றுக்கான டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன வன்பொருள் உள்ளது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) விவரங்களை முதன்முதலாக எழுதியபோது, அது கணக்கப்பிள்ளை வேலை என்றே எண்ணியிருந்தேன். எந்த ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலையாகத் தரும் சுற்று) எவ்வளவு மின்னழுத்தம் தர வேண்டும் என்று சர்க்யூட் வரைபடத்தில் பார்த்து மைக்ரோவோல்ட் கணக்கில் எழுத வேண்டும், 1.8 வோல்ட் என்றால் 1800000. பூஜ்யங்களை இருமுறை எண்ணிச் சரிபார்த்தேன்.

லினக்ஸ் இயங்கத் தேவையான கோப்புகள் அடங்கிய ரூட் ஃபைல் சிஸ்டத்தை நெட்வொர்க் வழியாக ஏற்றிக்கொண்டிருந்த அந்தப் போர்டு, லினக்ஸ் கிளம்பி ஏறத்தாழ அரை நிமிடம் ஆனதும் அசைவற்று நின்றுவிடும். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், ஈதர்நெட் டிரைவரைச் சந்தேகித்தே ஒரு முழு நாளைக் கழித்தேன். சீரியல் கன்சோலில் ஒவ்வொரு முறையும் ஓர் எல்டிஓவின் (ஒருவகை ரெகுலேட்டர்) பெயரும் அதையடுத்து ‘டிஸேப்ளிங்’ (அணைக்கிறேன்) என்ற சொல்லும் வந்துகொண்டுதான் இருந்தன. பிழைச் செய்தியின் தோற்றம் அதற்கு இல்லாததால் என் கண்ணில் அது படவேயில்லை.

மறுநாள், கேபிளில் வரும் சிக்னலைக் கையாளும் ஈதர்நெட் ஃபை சிப்பின் பக்கத்திலிருந்த கெபாசிட்டரில் மல்டிமீட்டரை வைத்தபடி போர்டை இயக்கினேன். 3.3 என்று நின்ற எண் திடீரெனச் சரிந்து பூஜ்யத்துக்குப் போனது. பூட்லோடர் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) இயக்கிவைத்த ரெகுலேட்டர்களில் எந்த டிரைவரும் உரிமை கோராதவற்றை, மாட்யூல்கள் வந்து சேர 30 விநாடி அவகாசம் தந்தபின், லினக்ஸின் மையமான கர்னல் அணைத்துவிடுகிறது. எல்டிஓவைப் பற்றி எல்லாம் எழுதியிருந்த நான், அதிலிருந்து மின்சாரம் பெறுவது யார் என்பதை எழுதியிருக்கவில்லை. கர்னல் செய்ததில் தவறே இல்லை.

‘ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்’ என்ற ஒரு வரியைச் சேர்த்ததும் போர்டு நிற்காமல் ஓடியது. அந்தப் பேட்சைப் பார்த்த மூத்த பொறியாளர், “இதை எப்போதும் எரியவிடச் சொல்வது வரைபடமா, நீங்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த வரி இருந்தால், போர்டு சஸ்பெண்டில் உறங்கும்போதும் ஃபை சிப்புக்கு மின்சாரம் வீணாகப் போய்க்கொண்டேயிருக்கும். அதை நீக்கிவிட்டு, டிவைஸ் ட்ரீயில் ஈதர்நெட்டுக்கான பகுதியான ஈதர்நெட் நோடில் ‘ஃபை-சப்ளை’ என்று அந்த எல்டிஓவைச் சுட்டினேன். கர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் ரெகுலேட்டர் சுருக்கப் பட்டியலைத் திறந்தபோது, அதன் பயன்பாட்டு எண்ணிக்கை 1 என்று இருந்தது.

அதன்பின் கோப்பில் மீதமிருந்த ஆல்வேஸ்-ஆன் வரிகளையும் வரைபடத்தோடு ஒப்பிட்டேன். சிபியூ கோருக்கும் டிராம் நினைவகத்துக்கும் அவை தேவைதான். மாதிரிப் போர்டின் கோப்பிலிருந்து அப்படியே நகலாக வந்திருந்த இன்னொரு வரியோ, எங்கள் போர்டில் பொருத்தப்படவே இல்லாத கேமரா கனெக்டருக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தது.