புளுடூத் இல்லாத கன்ட்ரோலரும் பினாங்கில் நான் பட்ட அலைச்சலும்

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்கான பழைய வயர்லெஸ் கன்ட்ரோலரை (கையில் பிடித்து விளையாடும் கருவியை) வாங்கி மடிக்கணினியோடு இணைக்க நினைப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். இப்போது எங்கள் வீட்டில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் கடையில் ஒருவர் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதால் வீணான பணமும் அலைச்சலும் இன்னும் மனத்தை உறுத்துகின்றன.

என் அக்காள் மகன் மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்திருந்தான். தன் மடிக்கணினியில் கால்பந்து விளையாட ஒரு கன்ட்ரோலர் வேண்டும் என்று கேட்டான். புதிதாக வாங்கினால் விலை அதிகம் என்பதால், ஜார்ஜ்டவுனில் பழைய விளையாட்டுக் கருவிகளை விற்கும் ஒரு கடைக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கறுப்பு நிற எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரைக் காட்டி, “தம்பி, இதை மடிக்கணினியில் புளுடூத் வழியாக இணைக்க முடியும்தானே?” என்று கேட்டேன். “முடியும்ண்ணே, வயர்லெஸ்ஸுன்னா புளுடூத்துதானே, எல்லாத்துலயும் வேலை செய்யும்” என்றார் அங்கிருந்த இளைஞர். அந்த ஒரு வாக்குறுதியை நம்பித்தான் 90 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். ரசீதில் “மடிக்கணினிக்கு” என்று எழுதித் தரும்படி கேட்டேன். அவரும் மறுக்காமல் எழுதிக் கொடுத்தார். அந்த ரசீது பின்னால் எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிறையில் உள்ள வீட்டுக்கு வந்ததும் இரண்டு டபுள் ஏ பேட்டரிகளைப் போட்டு நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் பொத்தானை அழுத்தினோம். விளக்கு எரிந்தது. மேல் விளிம்பில் கேபிள் செருகும் துளைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய வட்டப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்ததும் விளக்கு படபடவென்று மின்னத் தொடங்கியது. இணைப்பைத் தேடும் நிலைக்குக் கன்ட்ரோலர் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். விண்டோஸ் அமைப்புகளில் புளுடூத் பகுதிக்குப் போய்ப் புதிய கருவியைச் சேர்க்கச் சொன்னோம். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி பட்டியலில் வந்தது. என் கைப்பேசி வந்தது. கன்ட்ரோலர் மட்டும் வரவே இல்லை. சிறிது நேரம் மின்னிவிட்டு விளக்கு தானாக அணைந்தது. பேட்டரியை மாற்றினோம், மடிக்கணினியை அணைத்துத் திறந்தோம், கன்ட்ரோலரைத் திரைக்கு அருகிலேயே வைத்துப் பார்த்தோம், பலன் இல்லை. இத்தனைக்கும் அதே மடிக்கணினியில் அவனுடைய புளுடூத் காதொலிக் கருவி (இயர்போன்) நொடியில் இணைந்து பாட்டுப் பாடியது. கோளாறு மடிக்கணினியில் இல்லை என்பது அப்போதே எனக்குத் தெளிவாகிவிட்டது.

இதையெல்லாம் சொல்வதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு, பட்டர்வொர்த்திலிருந்து பெரிப் படகு ஏறி மீண்டும் அந்தக் கடைக்குப் போனேன். அதே இளைஞர் கன்ட்ரோலரைக் கையில் வாங்கி, பொத்தானை அழுத்தி, விளக்கு எரிவதை மட்டும் பார்த்துவிட்டு, “இது நல்லாத்தான் இருக்குண்ணே, உங்க மடிக்கணினியில இருக்கிற புளுடூத் பழசு” என்று முடித்துக்கொண்டார். காதொலிக் கருவி வேலை செய்கிறதே என்று கேட்டதற்கு, “பாட்டுக்கு வேற, கேமுக்கு வேற” என்றார். விளக்கு எரிகிறது என்றால் கருவிக்கு மின்சாரம் கிடைக்கிறது என்றுதான் பொருள். எதோடு இணையும், எதோடு இணையாது என்பதை அந்த விளக்கு சொல்லாது. விற்பனை செய்யும் இடத்தில் இருப்பவருக்கு இந்த அடிப்படை தெரிந்திருக்க வேண்டாமா? இணைத்துக் காட்டச் சொன்னபோது கடையில் கணினி இல்லை என்றார். அதோடு விடாமல், 25 வெள்ளிக்கு ஒரு புளுடூத் டோங்கிளை (யூஎஸ்பி துளையில் செருகும் சிறு கருவியை) வாங்கிச் செருகினால் சரியாகிவிடும், இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அதையும் தலையில் கட்டினார். கேபிள் வழியாகவாவது விளையாடட்டும் என்று நான் கேட்டதற்கு ஒரு மைக்ரோ யூஎஸ்பி கேபிளையும் கொடுத்தார்.

டோங்கிளும் எடுபடவில்லை, கேபிளும் எடுபடவில்லை. கேபிள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பேசிக்கு மின்னூட்டுவதற்காக மட்டும் செய்யப்படும் மலிவான கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவைக் கடத்தும் கம்பிகள் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. அந்தக் கேபிளைச் செருகியபோது மடிக்கணினி எந்த ஒலியும் எழுப்பவில்லை. பிறகு என் பழைய கேமராவுடன் வந்த கேபிளைச் செருகியதும் விண்டோஸ் உடனே ஒலி எழுப்பியது, கன்ட்ரோலரின் விளக்கும் மின்னாமல் நிலையாக எரிந்தது. “மாமா, ஓடுது!” என்று பையன் துள்ளிக் குதித்தான். கன்ட்ரோலர் பழுதில்லை என்பதும் அத்தோடு உறுதியானது. அப்படியானால் புளுடூத்தில் ஏன் வரவில்லை என்ற கேள்விதான் மிச்சம்.

மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் வழிகாட்டிக் குறிப்பைத் தேடிப் படித்தபோது விடை கிடைத்தது. 2013 இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்த கன்ட்ரோலரிலும், அதன் பின் 2015 இல் காதொலிக் கருவி செருகும் துளையோடு வந்த கன்ட்ரோலரிலும் புளுடூத் என்பதே கிடையாது. அவை மைக்ரோசாஃப்ட் தனக்கென்று வகுத்துக்கொண்ட வேறொரு கம்பியில்லாத் தொடர்பு முறையில் பேசுபவை. 2016 இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வெளிவந்தபோதுதான் கன்ட்ரோலருக்குள் புளுடூத் வந்தது. பேட்டரி மூடியைக் கழற்றி, பேட்டரிகளை எடுத்துவிட்டு உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால் மாடல் எண் இருக்கும். 1537, 1697 என்றால் புளுடூத் இல்லை. 1708 என்றால் உண்டு. 2020 இல் வந்த, நடுவில் பகிர்வுப் பொத்தானும் டைப்-சி துளையும் உள்ள 1914 என்றாலும் உண்டு. எங்களுடையது 1697.

சீட்டு கிழிந்திருந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். சுட்டுவிரல்கள் படியும் மேல் பொத்தான்கள் இருக்கும் பகுதி அப்படியே கீழே இறங்கி வந்து எக்ஸ்பாக்ஸ் பொத்தானையும் சூழ்ந்திருந்தால், அதற்கும் முன்பக்கத்துக்கும் இடையே நகம் படும்படியான ஒரு கோடு ஓடும். அது புளுடூத் இல்லாத பழைய வகை. மாறாக, முன்பக்கப் பிளாஸ்டிக்கே மேலேறிப் பொத்தானைச் சூழ்ந்திருந்தால் அது புளுடூத் உள்ள வகை. மேசை விளக்கின் கீழே பையன் நகத்தால் அந்தக் கோட்டைத் தடவிக் காட்டியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு எளிதாகத் தெரியக்கூடிய ஒன்றை, தினமும் இவற்றைக் கையில் எடுத்து விற்பவர் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

டோங்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது முதலாளியே இருந்தார். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். நான் குரலை உயர்த்தவில்லை. “மடிக்கணினிக்கு” என்று அவருடைய ஊழியர் எழுதிக் கொடுத்த ரசீதை எடுத்து வைத்தேன். என்ன தேவைக்காக வாங்குகிறோம் என்று விற்பவரிடம் சொல்லி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்று 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதையும், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணம் என்பதையும் அமைதியாகச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டோங்கிளுக்கும் கேபிளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கன்ட்ரோலரையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அது கையில் நன்றாகப் பொருந்துகிறது, கேபிளில் குறையின்றி ஓடுகிறது என்று பையன் அதை விட மறுத்துவிட்டான். ஆகவே விலையில் 20 வெள்ளியைக் குறைத்துத் திருப்பிக் கொடுத்தார். வாய் வார்த்தையை மட்டும் நம்பிப் போயிருந்தால் இது நடந்திருக்காது. பழைய பொருள் வாங்கும்போது தேவையை ரசீதில் எழுதி வாங்குங்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கும் ஊரில் இந்த உரிமைகளைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

கம்பியில்லாமல் விளையாட, இந்தப் பழைய வகைக்கு, மைக்ரோசாஃப்டின் அந்தத் தனித் தொடர்பு முறையில் பேசும், யூஎஸ்பி துளையில் செருகும் விண்டோஸுக்கான எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர் வேண்டும். சாதாரண புளுடூத் டோங்கிள் எத்தனை வெள்ளி விலையாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது. அடாப்டர் வாங்கும்போது போலிகளைக் குறித்துக் கவனமாக இருங்கள். இணைய அங்காடிகளில் அதே படத்தைப் போட்டுப் பாதி விலைக்கு விற்பவர்கள் பலர். விற்பவரின் பழைய மதிப்பீடுகளைப் படித்து, திருப்பி அனுப்பும் வாய்ப்பு உண்டா என்று பார்த்து, அதன் பிறகே பணம் கட்டினேன். மலேசியாவில் முறையாக விற்கப்படும் கம்பியில்லாக் கருவிகளில் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடாப்டரைச் செருகி, அதன் பக்கத்திலுள்ள பொத்தானையும் கன்ட்ரோலரின் இணைப்புப் பொத்தானையும் அழுத்தியதும் ஒரு நிமிடத்துக்குள் இணைந்துவிட்டது.

ஆனால் மறுநாளே புதிய தொல்லை ஒன்று கிளம்பியது. ஆட்டத்தின் நடுவே கன்ட்ரோலர் அரை நொடி உறைந்து, பிறகு தன் பாட்டுக்கு ஓடியது. பந்தை உதைக்கும் நேரத்தில் இப்படி நடந்தால் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடாப்டரைச் செருகியிருந்த துளைக்குப் பக்கத்திலேயே யூஎஸ்பி 3.0 வன்வட்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. கம்பியில்லாக் கருவிகள் பலவும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் யூஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012 இலேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. அடாப்டரை ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் செருகி, வன்வட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கன்ட்ரோலருக்கு நேராக மேசை மேல் வைத்தேன். அதன் பிறகு ஒரு தடங்கலும் இல்லை. அடாப்டரோ கன்ட்ரோலரோ கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி மீண்டும் கடைக்கு ஓடுவதற்கு முன், இடத்தை மாற்றிப் பாருங்கள்.

சற்று நேரம் தொடாமல் வைத்தால் கன்ட்ரோலர் அணைந்துவிடுகிறதே என்றும் பையன் பயந்தான். அது கோளாறு அல்ல. 15 நிமிடம் யாரும் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் காப்பதற்காக அது தானாகவே அணையும். எக்ஸ்பாக்ஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பழைய இணைப்போடு எழுந்துவிடும். இணைப்புப் பொத்தானைத் திரும்ப அழுத்தத் தேவையில்லை.

அவனுடைய நண்பன் ஒருவன் இதைக் கேள்விப்பட்டுத் தன் பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வந்தான். அதில் புளுடூத் உண்டு என்பதால் வேலை எளிது. ஷேர் பொத்தானையும் பிஎஸ் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் முன்விளக்கு வேகமாக மின்னும், மடிக்கணினிப் பட்டியலில் பெயர் வரும். அவனுடையது முதலில் எதற்கும் அசையவில்லை. பின்புறம் எல்2 பொத்தானுக்கு அருகே ஒரு நுண்துளை இருக்கிறது. காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி அதற்குள் விட்டுச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்ததும், பழைய இணைப்பை மறந்து புதிதாக இணைந்துகொண்டது. பிளேஸ்டேஷனோடு மீண்டும் சேர்க்க, தரவு கடத்தும் கேபிளால் செருகிப் பிஎஸ் பொத்தானை அழுத்தினால் போதும். இதிலும் மின்னூட்டும் கேபிள் பயன்படாது.

கடையில் பழைய கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் இரண்டு பேட்டரிகளையும், தரவு கடத்தும் கேபிளையும், முடிந்தால் மடிக்கணினியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேட்டரி மூடியைத் திறக்கச் சொல்லி மாடல் எண்ணைப் படியுங்கள். அங்கேயே இணைத்து, விண்டோஸில் விளையாட்டுக் கன்ட்ரோலர்களைச் சோதிக்கும் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு பொத்தானையும் இரண்டு கட்டைவிரல் குச்சிகளையும் அசைத்துப் பாருங்கள். குச்சியைத் தொடாதபோதும் திரையில் குறி நகர்ந்தால் அந்தக் கன்ட்ரோலரை விட்டுவிடுங்கள். இவற்றைச் செய்ய அனுமதிக்காத கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.